வைகாசியில் கரடி வேட்டைக்குப் போகலாமா?

தம்பி, மாசி மாதத் தொடக்கத்தில் ரொறன்ரோவை விட்டு வேலைக்காகப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கிறான்புறூக் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேலையிடத்து நண்பர் ஒருவர் வைகாசிக் கடைசியில் ஒரு கிழமை பர்செல் மலைகளுக்குள் கறுப்புக் கரடி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். போகலாமா, என்ன ஆயத்தம் வேண்டும், அந்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவிக்கு இதில் விருப்பமில்லை என்றும் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்.

போங்கள். ஆனால் இந்த வருடம் சுடுகிற ஆளாக அல்ல.

கனடாவில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது இதற்குக் கணக்கில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ளூர் வேட்டைக்காரராகப் பதிய, குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர் கடந்த 12 மாதங்களில் 6 மாதங்களாவது, ஒவ்வொன்றிலும் பெரும்பகுதி நாட்கள், இந்த மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவருக்கு அந்த 12 மாதமும் வேண்டும். நீங்கள் பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர். மாசியிலிருந்து எண்ணினால் ஆறாவது மாதம் ஆடி. வசந்தகால வேட்டையோ ஆனியோடு முடிந்துவிடும். வெளி மாகாணத்தவராகப் பதிந்து, அனுமதி பெற்ற வழிகாட்டியை அமர்த்திப் போக வழி உண்டு. அதற்கு ஆயிரக்கணக்கில் காசு போகும், உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

ஆகவே கூடப் போங்கள், சமையுங்கள், சுமவுங்கள். துவக்கை மட்டும் கையில் எடுக்க வேண்டாம். இங்கே சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல, விலங்கைத் தேடுவதும் பின்தொடர்வதும் அதற்குள் வரும். லைசன்ஸ் இல்லாத நீங்கள் எதுவரை கை கொடுக்கலாம் என்று வனவிலங்கு அதிகாரியிடம் முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். அவர்கள் ஆறுதலாகவே பதில் சொல்வார்கள்.

இன்னொன்று, இந்த மாதிரிச் சின்ன ஊரில் வேட்டைக்குக் கூப்பிடுவது கோப்பிக்குக் கூப்பிடுவது போல அல்ல. அப்பன் காட்டிய இடத்தை மகனுக்குத்தான் காட்டுவார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைத் திங்கட்கிழமை வேலைக்குப் போய் எல்லாரிடமும் கதைக்காதீர்கள். பெற்றோல் காசில் பங்கு கொடுங்கள்.

இனி ஆயத்தம். புதிதாகப் போகிறவர்கள் துவக்கின் ரகம், கரடி இருக்கும் இடம் என்று தொடங்குவார்கள். நான் செத்த கரடியில் தொடங்கிப் பின்னுக்கு எண்ணச் சொல்வேன். கரடி விழுந்துவிட்டது என்று வையுங்கள். அது எங்கே கிடக்கிறது? நேரம் என்ன? ஆற்றுக்கு எந்தப் பக்கம்? உரிக்க எத்தனை பேர்? வாகனம் எவ்வளவு தூரத்தில்? வைகாசியில் இங்கே இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும். கரடி பின்னேரத்தில்தான் ஆறுதலாக மேய வெளியே வரும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் வரை சுடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தக் கடைசி வெளிச்சத்தில் செங்குத்துச் சரிவில் ஒன்றை விழுத்தினால், நடுச்சாமத்தில் தலைவிளக்கோடு இரத்த வாடைக்குள் குந்தியிருந்து உரிக்க வேண்டும். அந்த மலைகளில் கிறிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியும் உண்டு. அதன் வேட்டையை மாகாணம் 2017 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது, அதற்கோ உங்கள் இறைச்சியில் உரிமை கொண்டாடத் தடையில்லை. எங்கள் குழுவில் இத்தனை மணிக்குப் பிறகு சுடுவதில்லை என்று முதல் நாளே பேசி முடித்துவிடுவோம். உங்கள் நண்பரிடமும் அந்த மணி எது என்று கேளுங்கள்.

ஆறும் அப்படித்தான். விடியக் காலையில் முழங்காலளவு தண்ணீரில் கடந்த ஓடை, வெயிலில் மேலே பனி உருகியதும் பின்னேரம் இடுப்பளவுக்கு இரைந்து வரும். முதுகில் இறைச்சிச் சுமையோடு அதைக் கடக்க நினைக்கக் கூடாது. மறுகரையில் நிற்கும் கரடி எவ்வளவு வடிவானதாக இருந்தாலும் அது உங்களுடையதல்ல.

இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சும் இடங்களில்தான் கரடியைத் தேட வேண்டும். குளிர்கால உறக்கம் கலைந்து வந்த கரடிக்கு முதல் தேவை பச்சைப் புல். வெயில் விழும் தெற்குச் சரிவுகளில் பனி முதலில் கரையும். பனிச்சரிவு மரங்களை வழித்துக்கொண்டு போன தடங்களில், கைவிடப்பட்ட மரம் வெட்டும் பாதைகளின் ஓரங்களில் புல்லும் டான்டிலயனும் முளைக்கும். எதிர் மலையில் இருந்துகொண்டு பைனாகுலரால் மணிக்கணக்காகப் பார்ப்பதுதான் அங்கே வேலை. தீன் வைத்துக் கரடியை வரவழைப்பது இந்த மாகாணத்தில் குற்றம்.

கரடி கண்ணில் பட்டதும் பெரிய வேலை தொடங்குகிறது. கறுப்புக் கரடி கறுப்பாகவே இருக்க வேண்டும் என்றில்லை, மண்ணிறத்திலும் செம்பழுப்பிலும் உண்டு. நிறத்தை நம்பாமல் தோள் திமிலையும் முகத்தின் பக்கவெட்டையும் பாருங்கள். திமில் தெரிந்து, முகம் நடுவில் குழிந்திருந்தால் கிறிஸ்லி. அடுத்தது குட்டி. இரண்டு வயதுக்குக் குறைந்த கரடியையும் அதோடு திரியும் எந்தக் கரடியையும் வேட்டையாடக் கூடாது. தாய் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியே மேயும். பார்த்தால் ஒற்றைக் கரடி போலவே இருக்கும். அரை மணி நேரமாவது பார்க்காமல் துவக்கைத் தூக்குகிறவரோடு நான் போகமாட்டேன். அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும்.

வன்னிக் காட்டுக் கரடியின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கத்தைய கறுப்புக் கரடி வேறு பிறவி என்று தோன்றும். எங்கள் கரடி திடீரென்று ஆளைக் கண்டால் பாய்ந்து முகத்தைக் கிழிக்கும். இது அநேகமாக மணம் பிடித்ததும் ஓடிவிடும். அதற்காகக் கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரேயைப் பையின் அடியில் வைக்காதீர்கள், இடுப்புப் பட்டியில் இருக்கட்டும்.

பாதையில் கரடியைவிட மரம் ஏற்றிய லொறிக்குத்தான் பயப்பட வேண்டும். ஒற்றை மண் பாதை, வளைவுகள், பாரத்தோடு இறங்கும் லொறியால் உடனே நிற்க முடியாது. பாதை முகப்பில் ரேடியோ அலைவரிசை எழுதியிருக்கும். அதில் எத்தனையாவது கிலோமீற்றரில் வருகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். மேலே போகப் போகப் பனியும் விழுந்த மரங்களும் வழியை மறிக்கும். சங்கிலி வாளும் மண்வெட்டியும் இல்லாமல் போகிறவரை நம்பாதீர்கள். கைபேசி அங்கே வேலை செய்யாது. செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் கட்டாயம் வேண்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று மனைவியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உண்ணிக்காலம் என்பதால் இரவில் தலையையும் கழுத்தையும் தடவிப் பாருங்கள்.

இறைச்சிக்கு வருகிறேன். உண்ணக்கூடிய பகுதியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம், தோலுக்காக மட்டும் சுட முடியாது. வைகாசிப் பகல் வெப்பத்தில் தடித்த மயிரும் கொழுப்பும் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். கெதியாக உரித்து, துணிப் பைகளில் போட்டு, காற்றுப்படும் நிழலில் தொங்கவிட வேண்டும். கூடாரத்துக்குப் பக்கத்தில் அல்ல. பித்தப்பையை யாராவது மருந்துக்குக் கேட்டால் தொடாதீர்கள், அதைத் தனியே வைத்திருப்பதே குற்றம்.

புல் தின்ற வசந்தகாலக் கரடி இறைச்சி மாட்டிறைச்சிக்குக் கிட்ட வரும். ஆனால் அதில் ட்ரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். குளிரூட்டியில் உறைய வைத்தால் செத்துவிடும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். கரடியில் உள்ள இனம் உறைகுளிரையும் தாங்கும். 2022 வைகாசியில் வடக்கு சஸ்காச்சுவானில் சுட்ட கறுப்புக் கரடியின் இறைச்சியை 45 நாள் உறைய வைத்துத்தான் ஒரு குடும்பம் அமெரிக்காவில் கூடிச் சாப்பிட்டது. சரியாக வேகவில்லை. 6 பேருக்கு நோய், அதில் 2 பேர் கூட வெந்த மரக்கறியை மட்டுமே தின்றவர்கள். உள்ளே 74 பாகை செல்சியஸ் வர வேண்டும். எங்கள் தூள் போட்டு நீண்ட நேரம் கொதிக்க வைத்த கறிக்கு இதில் கவலையில்லை. நெருப்பில் கம்பி குத்திச் சுட்டு, நடுவில் சிவப்பாக நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

அடுத்த வருடத்துக்கு இப்போதே தொடங்குங்கள். வேட்டைக் கல்விக்குக் ‘கோர்’ என்ற வகுப்பும் பரீட்சையும். துவக்குக்குப் பாதுகாப்புப் பயிற்சியும், துவக்கு வைத்திருக்க ‘பால்’ (PAL) என்ற உரிமமும். முதல் தடவை விண்ணப்பிக்கிறவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு, நடைமுறையில் அதைவிட நீளலாம்.

அந்த விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். போர் நடந்த இடத்திலிருந்து வந்த எங்கள் சனத்துக்குத் துவக்கு என்றால் வேட்டை ஞாபகம் வராது. அவவின் ‘வேண்டாம்’ கரடியைப் பற்றியதா, வீட்டுக்குள் துவக்கு வருவதைப் பற்றியதா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது என்றால் வழி இருக்கிறது: கோர் மட்டும் முடித்து லைசன்ஸ் எடுத்து, ‘பால்’ உரிமம் உள்ள நண்பரின் துவக்கை அவர் பக்கத்திலேயே நிற்க, அவருடைய நேரடி மேற்பார்வையில் பாவிக்கலாம். துவக்கு அவர் வீட்டிலேயே பூட்டிக் கிடக்கும்.