கட்டடத்தின் மின்செலவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மாலை 6 மணிக்கே அலுவலகத்தை மூடிவிடுகிறோம். ஆனாலும் மின்கட்டணம் குறையவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

இரவிலிருந்து தொடங்குங்கள். புதிதாக எதையும் வாங்கும் முன், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய இணைப்பாக இருந்தால் மீட்டர் உண்மைப் பயன்பாட்டில் ஒரு பங்கை மட்டுமே காட்டலாம்; அப்போது அது காட்டும் எண்ணை, ‘பெருக்குக் காரணி’ எனப்படும் அந்த இணைப்புக்கான எண்ணால் பெருக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் 160 யூனிட் என்றால், அந்த 8 மணி நேரமும் சராசரியாக 20 கிலோவாட் ஓடியிருக்கிறது. ஆளே இல்லாத கட்டடத்துக்கு எதற்கு 20 கிலோவாட்? ஒரு நாள் இரவு எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக நடந்து பாருங்கள். கழிவறை எக்ஸாஸ்ட் விசிறி, குடிநீர் கூலர், கூட்ட அறையில் அணைக்காமல் போன ஏசி என்று ஒவ்வொன்றாக அகப்படும். டைமர் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். விடுமுறை நாளில் வேலைக்கு வந்தவருக்காக மாற்றிய நேரம், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சர்வர், தீ எச்சரிக்கைக் கருவி, அவசர விளக்கு, இவற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: யூனிட் குறைந்திருக்கிறது, தொகை குறையவில்லை. மீட்டர் பழுதா?

பில்லில் ‘அதிகபட்சத் தேவை’ என்ற வரியைப் பாருங்கள். வணிக இணைப்புகள் பலவற்றில் யூனிட்டுக்கு ஒரு கட்டணம், உச்சச் சுமைக்குத் தனிக் கட்டணம். பெரும்பாலும் 15 அல்லது 30 நிமிடச் சராசரியை எடுத்து, மாதத்திலேயே மிக அதிகமானதைக் கணக்கில் வைப்பார்கள். ஒரே ஒரு அரைமணி நேரம் போதும், பில்லைத் தூக்கிவிட.

மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம்தான் காரணம் என்று சொல்வார்கள். அது சில நொடிகளில் அடங்கிவிடும், அரைமணிச் சராசரியில் பெரிதாகத் தெரியாது. காலையில் சூடேறிக் கிடக்கும் கட்டடத்தைக் குளிர்விக்க எல்லா ஏசியும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக ஓடுவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு மாடியைச் சற்று முன்னதாகவே குளிர்வித்துவிட்டு, அப்புறம் அடுத்ததைப் போடுங்கள்.

கேள்வி: ஏசியை 18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிருமா?

குளிராது. 24-ல் வைத்தாலும் அறை சூடாக இருக்கும்வரை சாதாரண ஏசி முழுத் திறனில்தான் ஓடும். 18-ல் வைத்தால் 24-ஐத் தாண்டியும் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

கேள்வி: ஏசி காற்றைத் தள்ளும் பெரிய விசிறிக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடச் சொல்கிறார்கள். லாபம் உண்டா?

வேகத்தைக் குறைக்க முடிந்தால் நிச்சயம் உண்டு. விசிறிக்கு வேண்டிய மின்சக்தி, வேகத்தின் மும்மடியை ஒட்டி மாறுகிறது. வேகம் 80 சதவீதமானால் 0.8 × 0.8 × 0.8, அதாவது கிட்டத்தட்ட பாதி. நாள் முழுக்க முழு வேகம் தேவைப்படும் விசிறிக்குப் போட்டால் நஷ்டம், ஏனென்றால் அந்தக் கருவியே கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். பணம் போட்டு வாங்கிவிட்டு முழு வேகத்திலேயே விட்டுவைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வேகத்தை எது கட்டுப்படுத்தப்போகிறது, வெப்பநிலையா, அழுத்தமா என்று பொருத்துபவரிடம் முதலிலேயே கேளுங்கள்.

கேள்வி: பிளக்கில் செருகினாலே பில் குறையும் என்று ஒரு பெட்டி விற்கிறார்களே?

வாங்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் ஒரு சின்ன கெப்பாசிட்டர்தான் இருக்கும், யூனிட் குறையாது. பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு, குறைவு என்று அபராதம் வருகிறது என்றால், சுமையை அளந்து மெயின் பேனலில் சரியான அளவுக்குக் கெப்பாசிட்டர் பேங்க் (பல கெப்பாசிட்டர்களின் தொகுப்பு) வையுங்கள்.