உருண்டு வரும் பந்து – கடிதம்

அன்புள்ள சார்,

குன்னூரில் பேஸ்பால் விளையாடிய நாட்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தத் தைரியத்தில்தான் இதைக் கேட்கிறேன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருஷம் ஆறாவது, ஏழாவது படிக்கும் 14 பிள்ளைகளை வைத்து பேஸ்பால் அணி ஆரம்பித்திருக்கிறோம். இருப்பது ஆறு கிளவுஸ். நன்றாக அடிக்கிறார்கள், ஓடுகிறார்கள், உயரத்தில் வரும் பந்தைக்கூடப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் தரையோடு வரும் பந்து என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பையனுக்குப் பந்து எகிறி உதட்டில் பட்டு ரத்தம் வந்துவிட்டது, அதிலிருந்து எல்லாருக்குமே இப்படி. "பயப்படாதே, உடம்பைப் பந்துக்கு நேரா வை" என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு வாசகி, கோத்தகிரி

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த "பயப்படாதே"யை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் பயப்படுவது நியாயம்தான். பேஸ்பால் பந்தின் எடை 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு, அது உதட்டைக் கிழிக்கும் என்று கண்ணெதிரே பார்த்துவிட்டார்கள். அப்புறம் எப்படிப் பயப்படாமல் இருப்பார்கள்? பந்து எங்கே வரும் என்று தெரியாததால் வருகிற பயம் இது. தெரிய ஆரம்பித்தால் தானாகவே குறையும், அதட்டினால் குறையாது.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், பயம் தெளியட்டும் என்று முப்பதடி தூரத்தில் நின்று பந்தைத் தரையோடு ஓங்கி அடிப்பார். ஒருநாள் அது கல்லில் பட்டு எகிறிக் கண்ணுக்குக் கீழே பட்டது. வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது, ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் மைதானத்தின் கடைசியில், அவுட்ஃபீல்டிலேயே போய் நின்றுகொண்டேன், அங்கே வந்து சேர்வதற்குள் பந்தின் வேகம் செத்துப்போயிருக்கும் என்பதற்காக. என்னைத் திரும்ப உள்ளே கூட்டிவந்தது ஒரு சீனியர் அண்ணன். அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை, தோல் பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு டென்னிஸ் பந்தை எடுத்து உருட்டினார்.

நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். ஒரு மாதத்துக்குத் தோல் பந்து வேண்டாம். கிளவுஸும் வேண்டாம், ஆறுதான் இருக்கிறது என்ற கவலையும் விட்டது. இரண்டு இரண்டு பேராக, பத்தடி இடைவெளியில், முட்டி போட்டு எதிரெதிரே உட்கார்ந்து, வெறுங்கையால் டென்னிஸ் பந்தை உருட்டிப் பிடிக்கட்டும். முட்டி போடச் சொன்னால் தண்டனை என்று நினைப்பார்கள், அதனால் நீங்களும் அவர்களோடு முட்டி போடுங்கள். கால் வேலை ஒன்றும் கிடையாது, கண்ணும் கையும் மட்டும். இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் ரான் வாஷிங்டனைப் பற்றிச் சொல்லுங்கள். ஓக்லாந்து, அட்லாண்டா அணிகளில் பயிற்சியாளராக இருந்தபோது அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் ஆட்டக்காரர்களையே முட்டி போடவைத்து, எதிரில் இருந்து பந்தைத் தட்டிவிட்டுப் பழக்கியவர் அவர். அவரிடம் பழகிய எரிக் சாவேஸ், நன்றாகப் பந்து பிடிப்பவர்களுக்குத் தரும் கோல்டு கிளவ் விருதுகளில் தனக்குக் கிடைத்த ஒன்றை அவருக்கே கொடுத்துவிட்டார்.

கை எங்கே இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு மாதத்திலேயே பழக்கிவிடலாம். பந்து வருவதற்கு முன்பே கை தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். எகிறுகிற பந்துக்குக் கையைச் சட்டென்று மேலே தூக்கிவிடலாம், ஆனால் மேலே இருக்கும் கையைக் கடைசி நேரத்தில் கீழே கொண்டுபோக நேரம் கிடைக்காது, பந்து காலுக்கு நடுவே போய்விடும். கிளவுஸ் போட ஆரம்பித்த பிறகு பயிற்சி முடிந்ததும் ஒவ்வொன்றாக வாங்கிப் பாருங்கள். விரல் நுனியில் செம்மண் அப்பியிருந்தால் அந்தப் பிள்ளை சரியாகச் செய்கிறது. நுனி பளிச்சென்று இருந்தால் காற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது.

எழுந்து நிற்கவைத்ததும் அடுப்புக்கு மூன்று கல் வைப்பதைச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். இரண்டு கால்களும் இரண்டு கல், தோளைவிட அகலமாக. மூன்றாவது கல் கிளவுஸ், அது முன்னால் தள்ளி இருக்க வேண்டும், கால்களுக்கு நேராகவோ உள்ளேயோ அல்ல. உங்கள் பிள்ளைகளில் பலருக்கு அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுப்பவராக இருப்பார். அந்தக் கைகள் எப்போதும் உடம்புக்கு முன்னால்தான் வேலை செய்யும், கண்ணும் கையும் ஒரே இடத்தில். அதேதான் இங்கேயும். பின்பக்கம் தாழ வேண்டும், ஆனால் முழுசாகக் குந்திவிடக் கூடாது, குந்தினால் நகர முடியாது.

கையைப் பற்றி இன்னொன்று. கிரிக்கெட் பழகிய பிள்ளைகள் வலது கையைத்தான் முதலில் நீட்டுவார்கள், இங்கே கிளவுஸ் இருப்பது இடது கையில். பழைய ரப்பர் செருப்பு ஒன்றை நன்றாகக் கழுவி இடது கையில் மாட்டிவிடுங்கள். தட்டையான அடியில் பந்து தங்காது, வலது கை தானாக மேலே வந்து மூடும். கடையில் இதற்கென்றே தட்டைக் கிளவுஸ் விற்கிறார்கள், செருப்பும் அதே வேலையைச் செய்யும். கிரிக்கெட்டிலிருந்து வரும் இன்னொரு பழக்கம் ஒரு முட்டியை மடக்கிச் சுவர் மாதிரி உட்கார்ந்து பந்தைத் தடுப்பது. அங்கே தடுத்தால் ரன் மிச்சம். இங்கே தடுத்தது பாதி வேலைதான், அடித்தவன் முதலில் ஓடிச் சேர வேண்டிய ஃபர்ஸ்ட் பேஸுக்கு 90 அடி, பெரியவர்கள் ஆட்டத்தில் நாலு வினாடி சொச்சத்தில் அங்கே போய்விடுவான். உட்கார்ந்தவன் எழுந்து எறிவதற்குள் கதை முடிந்துவிடும். அதனால் "வலது, இடது, பந்து; வலது, இடது, எறி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். பந்தே இல்லாமல்கூடச் செய்யலாம், மழை நாளில் வராந்தாவில்.

இப்போது முகத்தில் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பந்து தத்தித் தத்தி வருகிறது இல்லையா, அதில் எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதுதான் எல்லாம். தத்தி மேலே போய்க் கீழே இறங்கும்போது பிடிப்பது சுலபம். தரையில் குத்திய அந்த நொடியிலேயே, எகிறுவதற்கு முன் அமுக்குவதும் சுலபம். இரண்டுக்கும் நடுவே, குத்தி முழங்கால் உயரத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து. பேட்ஸ்மேனுக்கு ஹாஃப் வாலியும் ஷார்ட் பிட்சும் சுலபமாக இருந்து குட் லெங்த் மட்டும் ஏன் திணறவைக்கிறது என்று கேளுங்கள், அவர்களே பதில் சொல்வார்கள். பயந்த பிள்ளை இருந்த இடத்திலேயே நிற்கும், அதனால் எந்தத் தத்து கிடைக்கும் என்பதைப் பந்துதான் முடிவு செய்கிறது. இரண்டு அடி முன்னால் வந்தால் அந்த முடிவு பிள்ளையின் கைக்கு வரும். உதட்டில் பட்ட பையன் அன்றைக்கு நின்றுகொண்டிருந்தானா, முன்னால் வந்துகொண்டிருந்தானா? நின்றுகொண்டிருந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

இதைப் பழக்க ஒரு வழி: பந்தைப் பிடிக்கவே வேண்டாம், ஒவ்வொரு தடவை தரையில் குத்தும்போதும் "தொப்பு" என்று சத்தமாகச் சொன்னால் போதும். பந்தோடு சேர்ந்து சரியாகச் சொல்ல வேண்டும். முகத்தைத் திருப்பினால் சொல்ல முடியாது. இரண்டு நாளில் கண் பந்தை விட்டு நகராது, "கண்ணை எடுக்காதே" என்று நீங்கள் ஒருதடவைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நம் மலை மைதானங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமதளம் கிடையாது, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தேயிலை. பிள்ளைகளைத் தேயிலைப் பக்கம் முதுகு காட்டி நிற்கவைத்தால் விட்ட பந்தெல்லாம் செடிக்குள் போய், பாதி நேரம் தேடுவதிலேயே கழியும். மேட்டுக்கு முதுகு காட்டி நிற்கவையுங்கள், நீங்கள் பள்ளத்திலிருந்து உருட்டுங்கள். ஏறுமுகத்தில் பந்து வேகம் குறைந்து வரும், விட்டாலும் மேட்டில் முட்டித் திரும்பி வரும். கை பழகிய பிறகு இடத்தை மாற்றிக்கொள்ளலாம். தினமும் ஆரம்பிக்கும் முன் எல்லாரும் வரிசையாக நடந்து கல் பொறுக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கிக்குயு புல் திட்டுத் திட்டாக இருக்கும் இடத்தில் பந்து எப்படித் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலைப் பனியில் நனைந்த பந்து எகிறாமல் வழுக்கிக்கொண்டு வரும், டிசம்பர், ஜனவரி உறைபனியில் விரல் மரத்திருக்கும்போது பட்டால் வலி இரண்டு மடங்கு. வெயில் வந்து புல் காயட்டும், அதுவரை ஓடவிடுங்கள். தோல் பந்துக்குத் திரும்பும்போது பல்லுக்கு மவுத் கார்டு வாங்கிவிடுங்கள், அதிலே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

விட்டுவிட்ட பிள்ளையை எல்லார் முன்னாலும் எதுவும் சொல்லாதீர்கள். 1986 அக்டோபர் 25 அன்று, மேஜர் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரீஸின் ஆறாவது ஆட்டத்தில், பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற பில் பக்னர், உருண்டு வந்த ஒரு சாதாரணப் பந்தைக் காலுக்கு நடுவே விட்டார், நியூயார்க் மெட்ஸ் ஜெயித்தது. அந்தப் பந்துக்கு முன்பே ஸ்கோர் சமமாகியிருந்தது, அதாவது முன்னிலையைத் தொலைத்தது அவர் இல்லை. வாழ்நாளில் 2,715 ஹிட் அடித்தவர். ஆனாலும் ஊர் அந்த ஒன்றை மட்டும் சொல்லிக்காட்டியே வருஷக்கணக்கில் அவரை வதைத்தது. 2008-ல்தான் பாஸ்டன் மைதானத்தில், ஆட்டம் தொடங்கும் முன் மரியாதைக்காக எறியும் முதல் பந்தை எறிய அவரை அழைத்தார்கள், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 22 வருஷம். ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்கு நாம் ஏன் அதில் ஒரு நாளைக்கூடக் கொடுக்க வேண்டும்?

அந்தப் பையனை முதல் வாரம் பிடிக்கவே விட வேண்டாம், மற்றவர்களுக்குப் பந்து உருட்டும் வேலையைக் கொடுங்கள். தத்து எங்கே விழுகிறது என்று அவன் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கட்டும். பிறகு அவனாகவே கேட்பான், கேட்கும்போது டென்னிஸ் பந்தோடு இறக்குங்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு கோத்தகிரி வருகிறேன். வீட்டில் இரண்டு பழைய கிளவுஸ் இருக்கின்றன, எண்ணெய் போட்டு எடுத்துவருகிறேன். அதில் ஒன்று இடக்கைக்காரர்கள் போடுவது, வலது கையில் மாட்ட வேண்டும். உங்கள் 14 பேரில் இடக்கையால் எறியும் பிள்ளை யாராவது இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.