சொத்து வரி கட்டிய பிறகும் குப்பைக்கும் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் தனிக் கட்டணம் ஏன்? அப்படியானால் சொத்து வரி எதற்கு, கட்டாமல் விட்டால் என்ன?

கொங்குப் பக்கம் ஒரு நகராட்சியில் வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்ப் பாஷையில் பில் கலெக்டர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மோர் கொடுப்பார்கள் என்பது வரை தெரிந்துவிடும் வேலை. உங்கள் கேள்வியை வாசல் வாசலாக நின்று கேட்டுக் காது புளித்தவன் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

தண்ணீர் உங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது, கழிவு உங்கள் வீட்டிலிருந்து குழாயில் போகிறது. யார் வாங்கினார், யார் வாங்கவில்லை என்று கணக்குப் பார்க்க முடியும். இணைப்பு இல்லாதவரிடம் மாதக் கட்டணம் கேட்க முடியாது. அதனால் அதற்குக் கட்டணம். தெருவிளக்கு அப்படியில்லை. அது உங்கள் வாசலுக்கும் எரிகிறது, எதிர்வீட்டுக்கும் எரிகிறது, ராத்திரி பஸ் இறங்கி நடந்து போகிற வெளியூர்க்காரருக்கும் எரிகிறது. யார் பேரில் பில் போடுவது? மழைநீர் வடிகால், கொசு மருந்து, தெருவுக்குப் போட்ட கான்கிரீட், மயானம், பூங்கா, தெருநாய்க் கருத்தடை எல்லாம் இந்த வகைதான். இவற்றுக்குத்தான் சொத்து வரி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் நகராட்சியும் உங்களைப் போலவே மின்வாரியத்துக்கு பில் கட்டுகிறது என்பது பலருக்குத் தெரியாது. சின்ன நகராட்சிகளில் சம்பளமும் ஓய்வூதியமும் கரன்ட் பில்லும் போனால் கையில் மிஞ்சுவது சொற்பம்.

இன்னொரு விஷயம். நீங்கள் கட்டுகிற ரசீதில் இருக்கும் பணம் முழுக்க நகராட்சிக்குச் சேர்வதில்லை. ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி என்று அதோடு சேர்த்து வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. கல்விக்கென்றும் வரியில் ஒரு பங்கு உண்டு. சென்னைவாசிகளுக்கு இன்னும் குழப்பம்: மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டிய பிறகு, அதே ஆண்டு மதிப்பின் மேல் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி என்று குடிநீர் வாரியத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அது போக தண்ணீர்க் கட்டணம் தனி. ஒரே வீட்டுக்கு இரண்டு அலுவலகம், வரி ஒன்று, கட்டணம் ஒன்று. இதில் எரிச்சல் வருவது நியாயம்தான், நான் மறுக்கப் போவதில்லை.

வரி எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் கதையின் மையம் புரியும். உங்கள் வீட்டை இன்று விற்றால் என்ன விலை போகும் என்பதை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தெருவில் அந்த அளவு வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு மதிப்பு: ஆண்டு வாடகை மதிப்பு. தெரு எந்த மண்டலம், கட்டடம் ஆர்.சி.சி.யா ஓடா, குடியிருப்பா கடையா, எத்தனை வருஷம் பழசு, எத்தனை சதுர அடி. இவ்வளவும் ஒரு பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டில் இருப்பதற்குத்தான் வரி. தெருவில் நிற்கிற கட்டடத்துக்கு அல்ல.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க என்னோடு ஒரு தெருவுக்கு வந்திருக்க வேண்டும். பதிவேட்டில் "ஓட்டு வீடு, 480 சதுர அடி, குடியிருப்பு" என்று இருக்கும். நேரில் போனால் கீழே செல்போன் கடையும் பேக்கரியும், மேலே இரண்டு மாடி, மொட்டை மாடியில் டவர். வீட்டுக்கார அம்மா உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வருவார். அரையாண்டு தவறாமல் கட்டிய ரசீது எல்லாம் வரிசையாக ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். "தம்பி, எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துல இருந்து ஒரு தடவைகூட பாக்கி வெச்சதில்ல, நீங்க என்னமோ டேப்ப எடுத்துட்டு வர்றீங்க." அவர் சொல்வதில் ஒரு பொய்யும் இல்லை. பக்கத்திலேயே புதிதாக வீடு கட்டியவர் பிளான் அப்ரூவல், கட்டட முடிவுச் சான்று என்று போனதால் சரியான அளவுக்கு வரி விழுந்திருக்கும். அவர் இந்த அம்மாவைப் போல இரண்டு மூன்று மடங்கு கட்டிக்கொண்டிருப்பார். "எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று அவர் கேட்டால் எங்களிடம் பதில் கிடையாது. அளந்து மாற்றப் போனால் கவுன்சிலரிடமிருந்து போன் வரும். அதையும் சொல்லாமல் விட முடியாது.

அளவு இப்படியென்றால் விகிதம் இன்னும் மோசம். சென்னையில் 1998-ல் பொதுச் சீராய்வு, அதாவது ஊர் முழுக்க வரியை மறுபடி கணக்குப் போடுவது, நடந்தது; மற்ற ஊர்களில் 2008-ல். அதன் பிறகு 2018 ஜூலையில் வீடுகளுக்கு 50 சதவீதம், மற்றவற்றுக்கு 100 சதவீதம் வரை உயர்த்தி ஆணை வந்தது. அப்போது உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2016 அக்டோபரிலிருந்து தனி அலுவலர்கள் ஆட்சி. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும் நேரத்தில், அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த அரையாண்டுகளில் கழித்துக் கொடுத்தார்கள். பிறகு 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஏப்ரல் 1-ஆம் தேதி உயர்வு அறிவிப்பு. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே போதும், நான் விளக்க வேண்டியதில்லை. ஆளுங்கட்சி மாறியும் வழக்கம் மாறவில்லை.

அந்த 2022 உயர்வில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், 1200 வரை 75, 1800 வரை 100, அதற்கு மேல் 150. மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 25, 50, 75, 100. பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு. ஆனால் பதினாலு வருஷம், இருபத்து நாலு வருஷம் தூங்கிவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் எவருக்குத்தான் கோபம் வராது? அதுவும் சொந்த விருப்பத்தில் செய்ததில்லை. மத்திய அரசின் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் 15-ஆவது நிதி ஆணையம், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக வசூலையும் உயர்த்தினால்தான் நகர்ப்புற மானியம் என்று நிபந்தனை வைத்தது. டெல்லியில் கதவு சாத்திவிடுவார்கள் என்ற பயம்தான் இங்கே பேனாவை எடுக்க வைத்தது. இப்போது ஆண்டுக்கு 6 சதவீதம் என்கிற ஏற்பாடு வந்திருக்கிறது. 2024-ல் சென்னையில் அது அமலானபோதும் கூச்சல்தான். என்னைக் கேட்டால் இந்தச் சின்னச் சின்ன உயர்வே மேல்.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கிலாந்தில் கவுன்சில் டாக்ஸ் இன்றும் 1991 ஏப்ரல் மாத வீட்டு விலையை வைத்துத்தான் போடுகிறார்கள். அதன் பிறகு கட்டிய வீட்டுக்கும், 1991-ல் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கணக்குப் போடுவார்கள்! மறுமதிப்பீடு என்ற பேச்சை எடுக்க எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. ஆனால் அங்கே ஒன்று சரியாக இருக்கிறது: வீட்டுக் குப்பையை அள்ளுவது அந்த வரிக்குள்ளேயே அடக்கம், தண்ணீர் மட்டும் தனி கம்பெனிக்குத் தனி பில்.

குப்பைக் கட்டணத்தில் நான் உங்கள் பக்கம். வீடு வீடாக வந்து வாங்கும் குப்பையை யாரும் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை. அளக்காமல் வாங்குகிற ஒன்றுக்குக் கட்டணம் என்று பெயர் வைத்தாலும் அது இன்னொரு சொத்து வரிதான். ஆனால் சொத்து வரியில் இருக்கிற ஏற்ற இறக்கம் இதில் இல்லை. பங்களாவுக்கும் ஒற்றை அறை வீட்டுக்கும் சொத்து வரியில் இருக்கும் வித்தியாசம் குப்பைக் கட்டணத்தில் சுருங்கிப் போகிறது. சென்னையில் 2021 ஜனவரி முதல் வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள். பல ஊர்களில் சொத்து வரியோடு சேர்த்தே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொத்து வரிக்குள் கரைத்துவிட்டு, கல்யாண மண்டபம், ஓட்டல், மார்க்கெட் மாதிரி டன் கணக்கில் கொட்டுகிறவர்களிடம் மட்டும் எடை போட்டு வாங்கலாம். தண்ணீருக்கு நேர்மாறு: வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து வாங்குவதே நியாயம். மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவரும் நாலு குடம் பிடிக்கிறவரும் ஒரே தொகை கட்டுவதை நான் கடைசி வரை ஏற்கவில்லை.

"சரி, வரி குறைவாக இருந்தால் எங்களுக்கு லாபம்தானே?" என்று கேட்கலாம். மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. அதில்தான் பாதி நகராட்சிகளின் வண்டி ஓடுகிறது. பணம் கோட்டையிலிருந்து வந்தால் ஆணையர் கோட்டையைத்தான் பார்ப்பார், உங்கள் தெருவைப் பார்க்க மாட்டார். 1688-ல் சென்னைக்கு மாநகராட்சி கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோசயா சைல்ட் இதை அப்போதே கணக்குப் போட்டிருந்தார்: ஜனங்கள் தாங்களே விதித்துக்கொண்டால் ஐந்து ஷில்லிங் தருவார்கள், நாம் அதிகாரத்தால் விதித்தால் ஆறு பென்ஸ், அதாவது அரை ஷில்லிங், தரவும் மனம் வராது என்பது அவர் வாதம். வியாபாரிக்குத் தெரிந்த சூட்சுமம். மன்றமே இல்லாமல் ஐந்து வருஷத்துக்கு மேல் நகரங்களை ஓட்டிய நமக்குத்தான் தெரியவில்லை.

கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து நகரங்களிலும் கிராம சபை மாதிரி, மக்கள் கூடிக் கேட்கும் ஏரியா சபை நடக்கிறது. அங்கே போய் ரோடு, சாக்கடை என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "எங்கள் வார்டின் கேட்பு, வசூல், நிலுவை என்ன?" என்று கேளுங்கள். எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, யார் பாக்கி என்று சொல்லும் கணக்கு அது. பெரும்பாக்கி எப்போதும் பெரிய கட்டடங்களிடம்தான் இருக்கும். மார்ச் மாதம் ஆயிரம் ரூபாய் பாக்கிக்காரர் வாசலில் நாங்கள் நிற்போம்; லட்சக்கணக்கில் பாக்கி உள்ள வணிக வளாகம் வழக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கட்டாமல் விட்டால் உடனே ஒன்றும் ஆகாது. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள், கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. அரையாண்டு தாண்டினால் மாதம் 1 சதவீதம் ஏறும். நிலுவை வளர்ந்தால் நோட்டீஸ், குடிநீர் இணைப்புத் துண்டிப்பு, ஜப்தி வரை சட்டத்தில் இடமிருக்கிறது. சில ஊர்களில் கடை வாசலில் குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்த கதையும் உண்டு, அதில் எனக்கு உடன்பாடில்லை. நிஜமாக மாட்டுவது வேறு நாளில்: அப்பா இறந்து பெயர் மாற்றும்போது, பேங்க் லோன் கேட்கும்போது, புதுக் குழாய் இணைப்புக்கு எழுதிப் போடும்போது. கவுன்டரில் முதலில் கேட்பது நடப்பு அரையாண்டு வரி ரசீதைத்தான். அன்றைக்குப் பழைய பாக்கியை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், வட்டியோடு.