இட்ஸிக் தாத்தாவின் பெயர்

தம்பி, இஸ்ரேலின் ஹைஃபாவில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் இட்ஸிக் தாத்தாவுக்கு மகள் வழிப் பேரன் பிறந்திருக்கிறான். என்ன பெயர் என்று கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. "தாத்தா பெயரையே வைக்கலாமே" என்றதும் வீடே கப்சிப். தப்பாகப் பேசிவிட்டேனா அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள்.

பேச்சில் தப்பில்லை, பேசிய வீடுதான் வேறு. தாத்தாவின் பெற்றோர் போலந்திலிருந்து வந்தவர்கள் என்கிறீர்கள், அப்படியானால் அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய வழி யூதர்களின் வழக்கம். உயிரோடு இருப்பவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கமாட்டார்கள். மரண தூதன் ஒருவரைத் தேடி வந்து ஆள் மாறி இன்னொருவரைக் கொண்டுபோய்விடுவான் என்பது பழைய பயம். மொராக்கோ வழி வந்த யூத வீடாக இருந்திருந்தால் தாத்தா உங்களைக் கட்டிப்பிடித்திருப்பார், அங்கே அது மரியாதை. நமக்கோ பேரன் என்ற சொல்லே 'பெயரன்'தான். நீங்கள் பாவம், நம் ஊர்க் கணக்கில் பேசிவிட்டீர்கள்.

இட்ஸிக் என்பது செல்லப் பெயர். முழுப் பெயர் யித்ஸ்ஹாக். 'ஹா'வைத் தொண்டையைச் செருமுவது போலச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நான் படித்த பைபிள் ஈசாக்கின் பெயர்தான் இது என்று புரியவே எனக்கு ஆறு மாதம் ஆனது! எபிரேய மொழியில் பெயர் முழுவதும் ஒரே வினைச்சொல்: 'அவன் சிரிப்பான்'. நூறு வயதில் பிள்ளையா என்று ஈசாக்கின் அப்பா ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரித்தார். தொண்ணூறை எட்டிய அம்மா சாராள் கூடாரத்துக்குள் சிரித்தாள். கேட்டபோது பயந்து, சிரிக்கவில்லை என்று சாதித்தாள். பிள்ளை பிறந்ததும் தேவன் என்னைச் சிரிக்க வைத்தார் என்றாள். நம்பாத சிரிப்பு சந்தோஷச் சிரிப்பாக மாறிய கதை முழுவதும் அந்த ஒரு பெயருக்குள் இருக்கிறது. தாத்தா எப்போதாவது உங்களைப் பார்த்து "லாமா அதா த்ஸோஹேக்?" என்று கேட்டிருப்பாரே, ஏன் சிரிக்கிறாய் என்று? அதே வேர்தான்.

இந்த நாட்டுப் பிரதமர்களில் ரபீன், ஷமீர் இருவருக்கும் இதே பெயர். குடியரசுத் தலைவர்களில் பென் ஸ்வி, நவோன், ஹெர்சோக் என்று மூன்று பேர். ஆனாலும் இப்போதைய இளம் பெற்றோரிடம் கேட்டால் தாத்தா காலத்துப் பெயர் என்பார்கள்.

சரி, பெயரை ஏன் மறைக்கிறார்கள்? மறைக்கவில்லை. எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்கான ப்ரித்தில்தான் பெயரை அறிவிப்பார்கள். எட்டாம் நாளில் முதன்முதலில் அது நடந்ததும் இதே ஈசாக்குக்குத்தான். பிறந்த நாளும் கணக்கில் சேரும்: திங்கள் பகலில் பிறந்திருந்தால் அடுத்த திங்கள். அதுவரை கேட்காதீர்கள், "மஸல் தோவ்" என்று வாழ்த்தினால் போதும்.

அன்று தாத்தாவின் காதுக் கருவிக்குப் புது பேட்டரி போட்டுக் கூட்டிப் போங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்பவரை சந்தாக் என்பார்கள், பெரும்பாலும் தாத்தாக்களுக்குத்தான் அந்த மரியாதை. கை நடுக்கம் உண்டென்றால் முழங்கைக்குக் கீழே ஒரு தலையணையும் எடுத்து வையுங்கள்.