வளர்ப்புப் பராமரிப்பு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் பெரம்பூரில் வசிக்கிறோம். கணவருக்கு ஐ.சி.எஃப்.பில் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் குழந்தை ஒன்றை வளர்ப்புப் பராமரிப்பில் அழைத்துவந்து வளர்க்க ஆசை. இதுவும் தத்தெடுப்பதும் ஒன்றா? செலவுக்கு அரசு ஏதேனும் தருமா? “பாசம் வைத்த பிறகு பெற்றவர்கள் வந்து கூட்டிப் போய்விட்டால்?” என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் ஒன்றல்ல. தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில் பிள்ளை உங்கள் வீட்டில் வளரும். பெரும்பாலும் ஆறு வயதைக் கடந்த பிள்ளைகள். அம்மா படுக்கையில் இருக்கலாம், அப்பா சிறையில் இருக்கலாம். தனக்கென்று ஒரு வீடு இருந்தது அந்தப் பிள்ளைக்கு நன்றாக நினைவிருக்கும். பள்ளி நோட்டின் லேபிளில் அதன் சொந்த இனிஷியல்தான் இருக்கும். அதை மாற்ற நினைக்காதீர்கள்.

பணம்: மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க வழி இருக்கிறது. அதை நம்பி மட்டும் இறங்க வேண்டாம்.

மாமியார் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. ஆம், பெற்றவர்கள் கூட்டிப் போகலாம். பிள்ளையை வைத்துக் காப்பாற்றும் நிலைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள் என்றால் அது நல்ல செய்தி. உங்களுக்கு வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து பாசத்தை அளந்து கொடுத்தால் பிள்ளை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும். பெற்றவர்கள் அவ்வப்போது வந்து பார்க்கவும் சட்டம் இடம் தருகிறது. பிள்ளையின் நலனுக்கு ஆகாது என்று குழு கருதினால்தான் தடை. அந்த அம்மா வந்தால் வாசலில் நிற்கவைத்துப் பேசி அனுப்பாதீர்கள். உள்ளே உட்காரச் சொல்லி, வீட்டில் எல்லோரும் குடிக்கும் அதே டம்ளரில் காபி கொடுங்கள். பிள்ளையின் கண் அந்த டம்ளரின் மேல்தான் இருக்கும்.

இரண்டு ஆண்டுகள் வளர்த்தவர்கள், சட்டம் அனுமதிக்கும் நிலையில் அந்தப் பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்று மத்திய அரசின் 2024 வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. முன்பு இது ஐந்து ஆண்டுகளாக இருந்தது. ஆனால் அதையே குறியாக வைத்து, பெற்றவள் வராமல் இருந்தால் தேவலை என்று மனம் ஏங்குமானால், தயவுசெய்து இந்த வழிக்கு வராதீர்கள். நேராகத் தத்தெடுப்புக்கே பதிவு செய்யுங்கள்.

சென்னை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், பிள்ளை வந்த பிறகும் நலக் குழு மாதந்தோறும் பார்வையிட வேண்டும் என்பது சட்டம். சலித்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைக்கு இருக்கும் காவல் அது. இடையில் எவராவது பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் மகளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அறையையும் அம்மாவையும் பங்கிடப்போவது அவள். அவள் தயங்கினால் இந்த ஆண்டு வேண்டாம்.