இரண்டு தொன் வின்ச் வாங்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் வயலும் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் வைத்திருக்கிறேன். கிணற்றுப் பக்கம் சாய்ந்த வேம்பு ஒன்றைத் தறிக்க வேண்டும். காற்றுக்கு விழுந்த பாலை மரத்தின் குற்றிகள் வயல் கரையில் கிடக்கின்றன. சேறு என்பதால் லான்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) அங்கே இறங்காது. கடையில் பற்றரியில் ஓடும் '2 தொன்' வின்ச் (பாரம் இழுக்கும் பொறி) காட்டினார்கள். அதை வாங்கலாமா, பெற்றோல் வின்ச் நல்லதா?

பதில்: தம்பி, பற்றரி வின்ச் உங்களுக்கு வேண்டாம். பாரம் கூடினால் அது நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். லான்ட்மாஸ்ரரில் அதற்கேற்ற பற்றரி எங்கே இருக்கிறது? அதோடு, அந்த 2 தொன் என்பது, உருளையில் கம்பி ஒரே அடுக்காக இருக்கும்போது கிடைக்கிற இழுவை. அடுக்கு ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும்.

எட்டு அடி நீளம், ஒன்றரை அடி விட்டமுள்ள பாலைக் குற்றி 400 கிலோவுக்கு மேல் வரும். காய்ந்த தரையில் அதன் பாதிப் பாரமளவு இழுவையிலேயே நகர்ந்துவிடும். சேற்றில் முனை குத்தி நின்றால் முழுப் பாரத்தையும் தாண்டிக் கேட்கும். முனையைச் சற்றுத் தூக்கி, அடியில் இரண்டு பனஞ்சிலாகை போட்டு இழுத்துப் பாருங்கள். பெரிய மெசின் தேவையில்லை என்பது அப்போது தெரியும்.

பெற்றோல் வின்சில் கயிறு உருளையில் சேராது, மூன்று நான்கு சுற்றுச் சுற்றி மறுபக்கம் வந்துவிடும். அதனால் எவ்வளவு தூரமென்றாலும் இழுவை குறையாது. மரம் இழுப்பதே தொழிலாக உள்ளவர் தாராளமாக வாங்கலாம். உங்களுக்கு வருடத்தில் சில நாள் வேலைதான். 1.6 தொன் கை நெம்பு வின்சும் நல்ல கப்பி ஒன்றும் போதும். ஒரு நெம்புக்கு இரண்டு அங்குலம்தான் நகரும், ஆனால் நினைத்த இடத்தில் நிற்கும். கிணற்றடி வேம்புக்கு அதுதான் வேண்டும்.

வாங்கும்போது நெம்புகோலடியில் உள்ள சின்ன ஊசிகளைப் பாருங்கள். பாரம் மீறினால் அவை முறிந்து உங்களைக் காப்பாற்றும். முறிந்த ஊசிக்குப் பதிலாக இரும்பாணி அடித்து ஓட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அதற்குரிய ஊசியைக் கேட்டு இரண்டு மூன்று மேலதிகமாக வாங்கி வையுங்கள். நைலோன் கயிறும் வேண்டாம். இழுபட்டு அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும்.

சரி, வேம்புக்கு வருவோம். முதலில் கிணற்றுப் பக்கக் கொப்புகளை இறக்குங்கள். மரத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கயிறு கட்டி, விழ வேண்டிய திசையில் நிற்கும் உறுதியான மரத்தில் கப்பியைப் போடுங்கள். அந்த மரம் வேம்பின் உயரத்தைவிடத் தூரத்தில் நிற்க வேண்டும். வின்சைப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள், அப்போது விழும் பாதையில் நீங்கள் நிற்க மாட்டீர்கள். கயிறு கப்பியில் திரும்பி வரும்போது கப்பி கட்டிய மரத்தில் ஏறக்குறைய இரட்டிப்புப் பாரம் ஏறக்கூடும். அதனால் அகலப் பட்டியால் அடிமரத்தோடு ஒட்டிக் கட்டுங்கள். வெட்டுமுன் கயிற்றை இறுக்குங்கள். அரியும்போது கீல்போல் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டுவிட்டு, பிறகு மெதுவாக நெம்புங்கள். கம்பியின் மேல் ஈரச்சாக்கு ஒன்று போட்டால் அறுந்தாலும் வேகம் தணியும்.

இன்னொன்று. சங்கிலி வாள் வைக்கமுன் பட்டையைத் தடவிப் பாருங்கள். வீங்கி மூடிய பழைய காயமோ, கொப்பு வெட்டிய இடத்தில் கறுத்த நீலக் கறையோ தெரிந்தால் உள்ளே போர்க்காலத்துச் சன்னம் (துப்பாக்கிக் குண்டு) இருக்கலாம். நம் பக்கத்து மரங்களில் இது புதிதல்ல. சங்கிலி போனாலும் பரவாயில்லை, வாள் உதைத்தால் முகத்துக்குத்தான் வரும். மண்ணுக்குள் வெடிக்காத குண்டும் கிடக்கலாம், அதனால் அடிக்கட்டையை வேரோடு பிடுங்க வேண்டாம், தரையோடு அரிந்துவிடுங்கள். மண்ணில் சந்தேகமான இரும்பு ஏதும் கண்டால் கை வைக்காமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

பாலைக் குற்றியை வீதியால் ஏற்றிப் போக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், முதலில் கிராம அலுவலரைப் பாருங்கள். வேம்பு வேலையை மாரி தொடங்கமுன் முடித்துவிடுங்கள். மண் ஊறிய பிறகு கப்பி கட்டுகிற மரமே அசையும்.