வீட்டில் ஸ்லைடு பார்க்க எந்த புரொஜெக்டர், எந்த லென்ஸ்?

அப்பா எடுத்த 35 மி.மீ. ஸ்லைடுகளை 12 அடி அறையில் பார்க்க எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸில் இருந்து தொடங்குங்கள். திரைவரை உள்ள தூரத்தை 34-ஆல் (ஸ்லைடில் தெரியும் படத்தின் அகலம், மி.மீ.) பெருக்கி, குவியத் தூரத்தால் (லென்ஸில் மி.மீ. என்று போட்டிருக்கும் எண்) வகுத்தால் திரையில் படத்தின் அகலம். 3.5 மீட்டரில் 85 மி.மீ. லென்ஸ் 1.4 மீட்டர் படம் தரும், 150 மி.மீ. என்றால் 80 செ.மீ.தான், பாவம் அந்தப் படங்கள்.

அட்டைச் சட்டத்து ஃபிலிம் விளக்குச் சூட்டில் லேசாக வளையும். நடுவில் முகம் தெளிவாக இருக்க, ஓரத்தில் நிற்பவர் மங்குவார். அதற்கென்றே வளைவுக்கு ஈடுகொடுக்கும் லென்ஸ் உண்டு. லைக்காவின் 90 மி.மீ. கலர்ப்ளான் லென்ஸில் அந்த வகைக்கு 'சி.எஃப்.' (வளைந்த தளம்) என்று போட்டிருக்கும். கண்ணாடிச் சட்டமென்றால் சாதாரண லென்ஸே சரி.

கோடாக் 2004-லேயே ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே கோடாக் என்றால் பழையதுதான் கிடைக்கும். வாங்குமுன் பல்பு கிடைக்கிறதா, விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். விசிறி நின்றால் ஸ்லைடு கருகிவிடும்.